சிறுதொழிலில் ஒப்பந்தத் தகராறு: பில் முதல் தீர்ப்பு வரை

சிறுதொழிலில் எழும் ஒப்பந்தத் தகராறுகளில் ஒப்பந்தமே இல்லை என்று யாரும் மறுப்பது அரிது. ஆர்டர் கொடுத்ததை வாங்கியவர் ஒப்புக்கொள்கிறார். சரக்கு வந்ததையும் ஒப்புக்கொள்கிறார். சண்டை தரத்தில், தேதியில், ரேட்டில், பிடித்தத்தில் வருகிறது. திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் இது துலக்கமாகத் தெரியும். ஒரு துணி நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங், தையல், செக்கிங் எனப் பல கை மாறுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு தனி நிறுவனம், பெரும்பாலும் ஜாப் ஒர்க் முறையில், செய்து கொடுக்கிறது. முடிவில் வெளிநாட்டு வாங்குநர் நிறம் ஒத்துவரவில்லை என்று தொகையைக் குறைத்தால், அந்த நஷ்டம் சங்கிலியில் கீழே கீழே இறங்கும். ஏற்றுமதியாளர் சாயப்பட்டறைக்கு டெபிட் நோட் போடுவார். பில் 12 லட்சம் ரூபாய்க்கு இருக்கும், வங்கிக்கு 9 லட்சம் வந்திருக்கும். இடையில் காணாமற்போன 3 லட்சம்தான் தகராறு. கோவையில் பம்பு உதிரிபாகம் செய்பவருக்கும், ஓசூரில் மெஷினிங் எடுத்துச் செய்பவருக்கும், சிவகாசி அச்சகத்தாருக்கும் பொருள்தான் வேறு, கதை இதுவே.

இந்தியச் சட்டத்தில் சிறு உற்பத்தியாளருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடுகள் குறைவில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு இருக்கிறது. சிலவற்றுக்கு 15 நாள், சிலவற்றுக்கு 30 நாள், கடைசிக் கெடு 3 ஆண்டு. வாங்குபவரின் மனம் கோணக்கூடாது, அடுத்த ஆர்டர் கைநழுவக்கூடாது என்று வாய்மூடி இருக்கும் மாதங்களில்தான் நியாயமான பாக்கிகள் பல வசூலாகாத பாக்கிகளாக மாறுகின்றன. சட்டம் தெரியாததைவிட இந்த மௌனமே பெரிய நஷ்டம் தருகிறது.

ஒப்பந்தம் எந்தக் காகிதத்தில் இருக்கிறது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முத்திரைத்தாளையும் கையெழுத்தையும் பொதுவாகக் கட்டாயமாக்கவில்லை. அதன் 10ஆம் பிரிவின்படி, தகுதியுள்ளவர்கள் சுதந்திரமான சம்மதத்தோடு, சட்டத்துக்குட்பட்ட நோக்கத்துக்காக, பிரதிபலனுடன் செய்துகொள்ளும் உடன்பாடு ஒப்பந்தமாகிறது. தொலைபேசியில் சொன்ன ஆர்டரும் ஒப்பந்தமே. சிக்கல் அதை நிரூபிப்பதில்தான். சிறுதொழிலில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே ஆவணமாக இருப்பதில்லை. மின்னஞ்சலில் வந்த பர்ச்சேஸ் ஆர்டர், வாட்ஸாப்பில் அனுப்பிய ரேட், ஒப்புதல் கையெழுத்து விழுந்த சாம்பிள், டெலிவரி சலான், ஜி.எஸ்.டி. பில் எனச் சிதறிக் கிடக்கிறது. இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம் பொடி எழுத்தில் 90 நாள் கடன் என்றிருக்கும். விற்றவரின் பில்லில் 30 நாள் என்று அச்சடித்திருக்கும். ஒப்பந்தம் முடிந்து சரக்கு கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் பில்லில் அச்சடித்துக்கொள்ளும் நிபந்தனை மற்றவரைத் தானாகக் கட்டிவிடாது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் ரேட், தர அளவுகோல், அனுப்ப வேண்டிய தேதி, பணம் தரும் நாள் ஆகிய நான்கையும் ஒரே மின்னஞ்சலில் எழுதி, "சரி" என்ற பதிலை வாங்கி வைப்பது வக்கீல் எழுதிக் கொடுக்கும் 20 பக்கப் பத்திரத்தைவிடப் பயன்படும். அதைச் செய்யக் கால் மணி நேரம்கூட ஆகாது.

எந்த ஊர் நீதிமன்றம் என்ற ஒரு வரியைக் கவனக்குறைவாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்குச் சேலத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. குஜராத்தின் கேடா பகுதியில் இருந்த ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்துக்கும் சேலத்தைச் சேர்ந்த ஏ.பி. ஏஜன்சீஸ் நிறுவனத்துக்கும் உலோக இழை வாங்குவது பற்றி 1970களில் ஒப்பந்தம் ஏற்பட்டது. தகராறு வந்தால் கேடா நீதிமன்ற எல்லைக்குட்பட்டது என்று அதில் ஒரு வரி இருந்தது. சரக்கு வரவில்லை என்று சேலத்தார் சேலத்திலேயே வழக்குப் போட்டார்கள். சேலம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்ற கேள்வி மட்டும் சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சேலத்தாரின் பக்கம் தீர்ப்பளித்தது. கேடாவில் "மட்டுமே" என்ற வகைச் சொல் அந்த வரியில் இல்லை, ஒப்பந்தத்தின் ஒரு பகுதி சேலத்தோடும் தொடர்புடையது என்பன காரணங்கள். பிற்பாடு 2013இல் ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில், "மட்டும்" என்ற சொல் இல்லாவிட்டாலும் இரு தரப்பின் எண்ணம் தெளிவாக இருந்தால் போதும் என்று அதே நீதிமன்றம் கூறியது. விதி எதுவாயினும், பாக்கி உண்டா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையவே பல ஆண்டுகள் போயின என்பதைத்தான் தொழில் நடத்துபவர் இதில் கவனிக்க வேண்டும்.

வாட்ஸாப் செய்தியும் மின்னஞ்சலும் சாட்சியமாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவின் நகலோடு உரிய சான்றிதழ் வேண்டும் என்கிறது. முந்தைய சாட்சியச் சட்டத்திலும் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருந்தது. போனை மாற்றும்போது பழைய உரையாடலைச் சேமித்து வைக்காத நிறுவனம் தன் ஒப்பந்தத்தையே தொலைத்துவிடுகிறது. மெர்ச்சண்டைசர் வேலையை விட்டுப் போகும்போது அவருடைய சொந்த எண்ணில் கிடந்த ஆர்டர் பேச்சு முழுவதும் அவரோடு போய்விடுவதும் அடிக்கடி நடப்பது. ஆர்டர் பேச்சு நிறுவனத்தின் எண்ணிலும் நிறுவனத்தின் மின்னஞ்சலிலும்தான் நடக்க வேண்டும்.

சரக்கு இறங்கிய பின் 15 நாள்

தரம் பற்றிய தகராறின் முடிவைப் பெரும்பாலும் முதல் 15 நாள்களில் நடப்பதே தீர்மானிக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். சேவைக்கும் இதே விதி. ஜாப் ஒர்க்கும் அதில் அடங்கும். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும் இதே திசையில் செல்கிறது. வாங்கியவருக்குச் சரக்கைச் சோதித்துப் பார்க்க உரிமை உண்டு. நியாயமான காலம் கடந்தும் மறுப்புச் சொல்லாமல் வைத்திருந்தால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஏற்றுக்கொண்ட பிறகும் குறைபாட்டுக்காக விலையைக் குறைக்கச் சொல்லவோ நஷ்டஈடு கேட்கவோ வழி இருக்கிறது, ஆனால் சரக்கைத் திருப்பி அனுப்பும் உரிமை போய்விடும்.

ஒரே முதலாளி காலையில் நூல் வாங்குபவராகவும் மாலையில் துணி விற்பவராகவும் இருக்கிறார். ஆகவே இந்த விதி அவருக்கு இருபுறமும் பொருந்தும். வாங்குபவராக இருக்கும்போது லாட் எண், ரோல் எண், குறையின் தன்மை, அளந்து பார்த்த முறை ஆகியவற்றை எழுதி 15 நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும். "குவாலிட்டி சரியில்லை, பார்த்துச் செய்யுங்கள்" என்று போனில் சொன்னது பின்னால் எதற்கும் உதவாது. விற்றவராக இருக்கும்போது, இரண்டு மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டைப் பார்த்துப் பேசாமல் இருக்கக்கூடாது. சரக்கு எந்த நாளில் இறங்கியது, எந்த ஆட்சேபமும் வரவில்லை, இந்தப் பிடித்தத்தை ஏற்கவில்லை என்று அன்றே எழுத வேண்டும். பதில் எழுதாமல் அடுத்த மூன்று பில்களுக்கும் குறைத்த தொகையை வாங்கிக்கொண்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மீதியை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைக்கும். பணத்தை வாங்கிக்கொள்வதில் தவறில்லை. "பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டோம், மீதி பாக்கி நிற்கிறது" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஒரு தரப்பு மட்டும் டெபிட் நோட் எழுதிவிட்டதால் அது கடனாகிவிடாது. நஷ்டஈட்டுக் கோரிக்கை என்பது மற்றவர் ஒப்புக்கொள்ளும் வரையோ தீர்ப்பு வரும் வரையோ கோரிக்கைதான். குறை உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் கருத்து வேறுபட்டால் இரு தரப்பும் சேர்ந்து சாம்பிள் எடுத்து, சீல் வைத்து, பொதுவான ஆய்வகத்துக்கு அனுப்புவதே நல்ல வழி. துணி, நூலுக்குக் கோவையில் உள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இருக்கிறது. பம்பு, மோட்டாருக்கு அதே ஊரில் சிடார்க் இருக்கிறது. ஆய்வறிக்கை வந்த பிறகு பெரும்பாலான தரத் தகராறுகளில் பேசுவதற்குத் தொகை மட்டுமே மிஞ்சும். சரக்கு வெட்டித் தைத்துக் கப்பலேறிய பிறகு சோதனை கேட்பதில் பயனில்லை. அப்போது இரு பக்கமும் வெறும் வாய்ச்சொல்தான் இருக்கும்.

நஷ்டத்துக்கு எல்லை எது

திருப்பூரில் மிகக் கசப்பான பிடித்தம் விமானச் சரக்குக் கட்டணம். சாயப்பட்டறை ஆறு நாள் தாமதித்தது, கப்பல் போய்விட்டது, ஏற்றுமதியாளர் விமானத்தில் அனுப்பினார். கட்டணம் சாயக் கூலியைப்போலப் பல மடங்கு. அது முழுவதையும் பட்டறை தலையில் கட்டலாமா? இந்தக் கேள்விக்கான விதை 1854ஆம் ஆண்டின் ஓர் ஆங்கிலத் தீர்ப்பில் இருக்கிறது. குளோஸ்டர் நகரத்து மாவு மில்லின் இயந்திரத் தண்டு உடைந்துபோக, அதை மாதிரியாகக் காட்டிப் புதிது செய்யக் கிரீனிச்சுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோனவர் தாமதித்தார், மில் நின்றது. மில் நின்ற நாள்களின் லாபத்தைத் தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். தண்டு இல்லாவிட்டால் மில்லே நின்றுவிடும் என்பது ஒப்பந்த நேரத்தில் அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை என்பது அதன் காரணம். ஹாட்லி எதிர் பாக்ஸன்டேல் எனப்படும் அந்த வழக்கின் கொள்கைதான் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நிற்கிறது. வழக்கமாக நேரும் நஷ்டத்தையும், ஒப்பந்தம் செய்யும்போதே இரு தரப்பும் அறிந்திருந்த நஷ்டத்தையும் கேட்கலாம். தொலைதூரமான, மறைமுகமான நஷ்டத்தைக் கேட்க முடியாது.

ஆகவே ஜாப் ஒர்க் ஆர்டரில் கப்பல் தேதியும், தாமதித்தால் விமானத்தில் அனுப்ப வேண்டிவரும் என்ற செய்தியும் இருந்ததா என்பதே தீர்மானமான கேள்வி. இருந்தால் பட்டறையின் பொறுப்பு கனமானது. "சீக்கிரம் வேண்டும்" என்று மட்டும் இருந்தால் கோரிக்கை தளர்ந்துவிடும். 55ஆம் பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. காலக்கெடு உயிர்நாடியான ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள்பவர் அந்த நேரத்திலேயே நஷ்டஈடு கேட்கப்போவதாக அறிவிக்காவிட்டால் பிறகு கேட்க முடியாது. தாமதமாக வந்த துணியைப் பேசாமல் வாங்கித் தைத்து அனுப்பிவிட்டு மூன்று மாதம் கழித்து டெபிட் நோட் போடுபவருக்கு இந்த வரி தெரிந்திருப்பது அரிது. கூலிக்கு வேலை செய்தவருக்கும் தெரிந்திருப்பதில்லை. அதனால் அவர் கட்ட வேண்டாததைக் கட்டிவிடுகிறார்.

நஷ்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழிகளைப் பயன்படுத்தினாரா என்பதையும் 73ஆம் பிரிவின் விளக்கம் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. இரண்டாந்தரமாக உள்ளூரில் விற்கக்கூடிய துணியைக் குடோனில் போட்டு மக்கவைத்துவிட்டு முழு விலை கேட்க முடியாது. நாளுக்கு இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், 74ஆம் பிரிவின்படி அந்தத் தொகை உச்சவரம்புதான். அதற்குட்பட்ட நியாயமான ஈடுதான் கிடைக்கும். நஷ்டமே ஏற்படாதபோது ஈடும் இல்லை என்று 2015இல் கைலாஷ்நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

விலையேற்றம் தனி விஷயம். 2021-22இல் பருத்தி நூல் விலை கடுமையாக ஏறியபோது, பழைய ரேட்டில் ஆர்டர் எடுத்த பலர் கையைப் பிசைந்தார்கள். செய்ய இயலாமற்போன ஒப்பந்தம் செல்லாது என்று 56ஆம் பிரிவு கூறுவது உண்மை. ஆனால் செலவு கூடிவிட்டது என்பது இயலாமை ஆகாது. இந்தோனேசிய நிலக்கரி விலை உயர்ந்ததைக் காரணம் காட்டிய மின் நிறுவனங்களின் வாதத்தை 2017இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நூல் ரேட் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் துணி ரேட்டும் மாறும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்வதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

பேச்சுவார்த்தை, லெட்ஜர், கெடு

அமெரிக்கச் சட்ட அறிஞர் ஸ்டூவர்ட் மக்காலே, விஸ்கான்சின் மாநிலத் தொழில் நிறுவனங்களை நேர்கண்டு 1963இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். தகராறு வரும்போது தொழில் நடத்துபவர்கள் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் படிப்பதே அரிது, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள், தொடர்ந்து வியாபாரம் நடக்க வேண்டும் என்ற எண்ணமே அவர்களை வழிநடத்துகிறது என்று அவர் கண்டார். நம் ஊர்களுக்கும் இது அப்படியே பொருந்துகிறது. பேசித் தீர்ப்பது தவறில்லை; பெரும்பாலும் அதுவே லாபம். ஆனால் இரு தரப்பின் பலம் சமமாக இல்லாத இடத்தில் பேச்சு மட்டும் போதாது. ஒரே வாங்குபவரை நம்பி நடக்கும் பட்டறை பேச்சில் எப்போதும் இறங்கியே போகும். அந்த நிலையில் எழுத்து இருந்தால்தான் பேச்சுக்குக் கனம் வரும்.

முதலில் லெட்ஜரை ஒத்துப்பார்க்க வேண்டும். தகராறு என்று தோன்றியதில் பாதி, வராமற்போன சலானாகவோ இருமுறை பதிந்த டெபிட்டாகவோ இருந்துவிடும். ஒத்துப்பார்த்த பிறகு, மறுப்பில்லாத தொகையையும் மறுப்புள்ள தொகையையும் பிரித்து, முதலாவதை உடனே தரும்படி கேட்க வேண்டும். 12 லட்சத்தில் 3 லட்சம் தகராறு என்றால், 9 லட்சத்தை நிறுத்திவைக்கக் காரணமே இல்லை. உடன்பாடு ஏற்பட்டால் எந்தெந்தப் பில் எண்ணுக்கு எவ்வளவு, எந்தத் தேதியில், தவறினால் என்ன என்பதை எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். குறைத்த தொகைக்கு ஜி.எஸ்.டி. கிரெடிட் நோட்டை அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30க்குள் கணக்கில் காட்டாவிட்டால், கைக்கு வராத பணத்துக்கு வரி கட்டியது கட்டியதுதான்.

கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவு ஒரு வலுவான பிடியைத் தருகிறது. தன் உழைப்பைச் செலுத்திய பொருளை, அதற்கான கூலி வரும் வரை தன்னிடமே நிறுத்திவைக்கலாம். சாயம் போட்ட துணிக்கும் இது பொருந்தும். ஆனால் அந்த லாட்டின் கூலிக்கு மட்டும்தான். பழைய பாக்கிக்காக இந்த லாட்டைப் பிடித்துவைக்க முடியாது. கடன் தவணை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாலும் முடியாது. துணியைக் கொடுத்தனுப்பிவிட்டால் அந்த உரிமையும் அதோடு போய்விடும்.

எல்லாவற்றுக்கும் மேலான கெடு 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் விதிக்கும் 3 ஆண்டு. அது முடியும்முன் கடன்பட்டவர் கையெழுத்திட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டால் 18ஆம் பிரிவின்படி 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். எழுத்துச் சான்றோடு பகுதித் தொகை கொடுத்தாலும் அப்படியே. ஆண்டுதோறும் மார்ச் முடிவில் பாக்கி உறுதிக் கடிதம் வாங்கும் பழக்கம் ஆடிட்டருக்காக மட்டும் ஏற்பட்டதன்று, வழக்கின் உயிரையும் அதுவே காக்கிறது. கம்பெனியின் இருப்புநிலைக் குறிப்பில் அந்தக் கடன் காட்டப்பட்டிருந்தால் அதுவும் ஒப்புதலாகலாம் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் கூறியது. "அடுத்த வாரம் தருகிறேன்" என்ற வாய்ச்சொல் எத்தனை முறை வந்தாலும் கெடு ஒரு நாள்கூட நகராது.

கூட்டு நிறுவனமாக நடத்துபவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஜி.எஸ்.டி. எண்ணும் வங்கிக் கணக்கும் இருப்பதால் பதிவு ஆகிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவர்கள் பலர். பதிவு என்பது நிறுவனங்களின் பதிவாளரிடம் செய்வது.

எந்த வாசல்

பேச்சு முறிந்தால் குறு, சிறு நிறுவனத்துக்கு முதல் வாசல் 2006 சட்டத்தின் கீழ் அமைந்த வசதியாக்க மன்றம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சி மண்டலங்களில் இவை இயங்குகின்றன. அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, என்னதான் எழுதிக்கொண்டாலும் சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கடன் தவணை செல்லாது என்கிறது. எழுதிக்கொள்ளவே இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் 16ஆம் பிரிவின்படி ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டும் கூட்டுவட்டியாக, வாங்கியவர் மேல் ஏறும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று கொண்டால் வட்டி 18 சதவீதம். 10 லட்சம் ரூபாய் பாக்கிக்கு ஓராண்டில் ஏறத்தாழ 1,95,600 ரூபாயும் ஈராண்டில் 4,29,500 ரூபாயும் சேரும். வட்டி வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தாலும் இந்த உரிமை போகாது.

வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும், விற்றவர் ஊருக்குரிய மன்றமே விசாரிக்கும். டெல்லி நிறுவனத்திடம் பாக்கி கேட்க ஓசூர்க்காரர் டெல்லிக்கு ரயிலேற வேண்டியதில்லை. மன்றம் முதலில் சமரசம் பேசும். முடியாவிட்டால் தானே நடுவராக இருந்தோ ஒரு நடுவர் அமைப்பிடம் ஒப்படைத்தோ தீர்ப்பளிக்கும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் ஏற்பாடு எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே மேலோங்கும் என்று 2022இல் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குபவர் 75 சதவீதத் தொகையைக் கட்டிவிட்டுத்தான் நீதிமன்றத்தில் நுழைய முடியும். வாங்கியவர் எதிர்க்கோரிக்கை வைக்கவும் மன்றத்தில் இடமுண்டு. ஆகவே தரக்குறை உண்மையானால் அதை மறைத்துக்கொண்டு போவதில் பயனில்லை. சட்டம் சொல்லும் கெடு 90 நாள். நடைமுறையில் அதைவிட நீள்கிறது என்பது இந்த அமைப்பின் பெருங்குறை. மன்றங்களுக்குப் போதிய உறுப்பினர் நேரத்தையும் அலுவலர்களையும் தராமல் சட்டத்தை மட்டும் கூர்மையாக்குவதால் பட்டறைக்காரருக்குப் பணம் வந்துவிடாது.

இந்தப் பாதுகாப்பு குறு, சிறு நிறுவனங்களுக்கு மட்டுமே. 2025 ஏப்ரல் முதல் சிறு நிறுவனம் என்பது முதலீடு 25 கோடியும் விற்றுமுதல் 100 கோடியும் தாண்டாதது. நடுத்தர நிறுவனத்துக்கு இந்த வழி இல்லை. வெறும் வாங்கி விற்கும் வணிகரை, குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவில் சேர்த்தது முன்னுரிமைக் கடனுக்காக மட்டுமே. சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் பதிவு செய்தவருக்குப் பழைய பில்களில் இந்தச் சலுகை கிடைக்காது என்பது மகாகாளி தீர்ப்பின் போக்கு. பதிவு செய்யாதவர் மன்றத்தை நாடலாமா என்ற கேள்வியை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. முதல் பில்லுக்கு முன்பே உத்யம் எண்ணை வாங்கி, பில்லில் அச்சிட்டுவிடுவது இந்தக் குழப்பம் அனைத்தையும் தவிர்க்கும்.

மன்றத்துக்குப் போனால் ஆர்டர் போய்விடும் என்று அஞ்சுபவர்கள் வரிச் சட்டத்தை நினைவூட்டலாம். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் சேர்த்த 43பி(எச்) விதியின்படி, குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு தாண்டித் தரப்படும் பணத்தை, உண்மையில் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். பில் தேதியிலிருந்து 180 நாளில் பணம் தராவிட்டால், வாங்கியவர் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரவையும் திருப்பிக் கட்ட வேண்டும். இவ்விரண்டையும் குறிப்பிட்டு, வாங்கும் நிறுவனத்தின் கணக்குப் பிரிவுக்கு மார்ச் தொடக்கத்தில் ஒரு மரியாதையான கடிதம் போவது உறவைக் கெடுக்காது. பர்ச்சேஸ் பிரிவு கிடப்பில் போட்ட பில்லைக் கணக்குப் பிரிவு தேடி எடுப்பதும் உண்டு.

சிவில் வழக்கு என்றால் 3 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வணிகத் தகராறுகள் 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றச் சட்டத்துக்குள் வரும். அவசர இடைக்கால உத்தரவு கேட்காத வழக்குகளில், சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக முன்கூட்டியே சமரசத்துக்குப் போயிருக்க வேண்டும். போகாமல் தாக்கலான வழக்கு நிராகரிக்கப்படும் என்று 2022இல் பாட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் தீர்ப்பானது. இதை வெறும் சடங்காகக் கழித்துவிடுபவர்கள் ஒரு நல்ல வாய்ப்பை இழக்கிறார்கள். அங்கே எட்டும் உடன்பாட்டுக்கு நடுவர் தீர்ப்பின் வலிமை உண்டு, அந்தக் காலம் 3 ஆண்டுக் கெடுவிலும் கழிக்கப்படும்.

ஒப்பந்தத்தில் நடுவர் ஏற்பாடு இருந்தால் எதிர்த்தரப்பு அதைக் காட்டி நீதிமன்றத்திலிருந்து வழக்கை வெளியே எடுக்க முடியும். பெரிய நிறுவனமே தன்னிச்சையாக நடுவரை நியமிக்கும் வரி இன்னும் பல பர்ச்சேஸ் ஆர்டர்களில் அச்சாகிறது. தீர்ப்பில் அக்கறையுள்ள ஒருவர் தானே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை வலுப்படுத்தியது. செலவையும் பார்க்க வேண்டும். நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணைப்படி 10 லட்சம் ரூபாய்க் கோரிக்கைக்கு நடுவர் கட்டணம் 62,500 ரூபாய், ஒற்றை நடுவரானால் அதில் 25 சதவீதம் கூடுதல். சிறு பாக்கிக்கு இது கனத்த பாரம்.

காசோலை திரும்பினால் வழி குறுகியது, கெடுவும் குறுகியது. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் தர 15 நாள், அதன்பின் ஒரு மாதத்துக்குள் புகார். திவால் சட்டத்தைக் காட்டி மிரட்டும் நோட்டீஸ்கள் இப்போது பெரும்பாலும் வீண்தான். 2020 மார்ச்சில் குறைந்தபட்சப் பாக்கி ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடியாக உயர்ந்தது. தரம் பற்றி முன்பே உண்மையான தகராறு இருந்தது என்று காட்டிவிட்டால் அந்த மனு நிற்காது என்பது 2017ஆம் ஆண்டின் மொபிலாக்ஸ் தீர்ப்பு.

தீர்ப்பு கைக்கு வந்த பிறகும் வசூல் தனி வேலை. நடுவர் தீர்ப்பும் வசதியாக்க மன்றத் தீர்ப்பும் நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றப்படும். சென்னையைச் சேர்ந்த சுந்தரம் ஃபைனான்ஸ் தொடுத்த வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் ஒரு வீண் அலைச்சலை நீக்கியது. கடன்பட்டவரின் சொத்து எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்திலேயே நேராக நிறைவேற்று மனு போடலாம், வேறு நீதிமன்றம் வழியாக மாற்றி வாங்கத் தேவையில்லை. சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கடன்பட்டவரை நீதிமன்றம் பணிக்க முடியும். நிறைவேற்று மனுவுக்குக் கெடு 12 ஆண்டு. ஆனால் சொத்தே இல்லாதவர் மீது வாங்கிய தீர்ப்புக்கு அந்த 12 ஆண்டும் பயன் தராது. ஆகவே பெரிய ஆர்டரைக் கடனில் ஏற்குமுன் அந்த நிறுவனத்தின் ஜி.எஸ்.டி. நிலையையும், கம்பெனியானால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் அதன் கணக்குகளையும், சொத்தின் மேல் வங்கிகளுக்கு உள்ள பொறுப்பையும் பார்த்துவிடுங்கள். ஜி.எஸ்.டி. நிலையைக் கட்டணமின்றியும் மற்றவற்றைச் சிறு கட்டணத்திலும் யாரும் பார்க்கலாம்.